ஒரு கேபிள் அதிகம்

என் வேலை கேபிள்களுக்குப் பெயர் எழுதுவது.
இந்த நுனியில் ஒரு சீட்டு, அந்த நுனியில் ஒரு சீட்டு,
இரண்டிலும் ஒரே பெயர்.
நடுவில் அது எங்கே படுக்கிறது, யாரோடு உரசுகிறது
என்பதெல்லாம் உனக்கெதற்கு என்பார் மேஸ்திரி ஜான்சுக்.

லாகுரி ஆற்றங்கரையில்
இந்த மின் நிலையம் எழும்பிய இரண்டு வருஷமும்
அதற்கு வெளிச்சம் தந்தது
கொட்டகையில் இருமிக்கொண்டிருந்த ஒரு டீசல் எஞ்சின்.
அதை ஓட்டியவர் ஓத்தியா.
அதன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான்
சுவர் எழுப்பினோம், சம்பளம் கேட்டோம்,
பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னோம்.

மேற்குச் சுவரை மட்டும் கட்டவில்லை.
ஜெனரேட்டர் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.
பனிக்காலம் முழுக்கத் தார்ப்பாய்தான் சுவர்.
காற்று அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு
இன்னும் வரலையா என்று போய்விடும்.

மே மாதம் வந்தது,
தொண்ணூற்றாறு சக்கர வண்டியில்,
நடந்து வருகிறவனுக்கும் பின்னால்.
லெந்தாரி வளைவில்
பெக்கானின் வால்நட் மரம் மறித்தது.
ஒரே ஒரு கிளை.
மூன்று மணி நேரம் பேசினார்கள்.
கடைசியில் பெக்கானே ரம்பம் எடுத்து வந்தார்,
வேறு கை பட்டால் மரம் கோபித்துக்கொள்ளுமாம்.
பணம் வேண்டாம், எழுத்து வேண்டும்:
முதல் விளக்கு என் மாட்டுத்தொழுவத்துக்கு.
கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.
(இப்போது அந்த வெளிச்சத்தில்
மாடு பால் சுரக்க மாட்டேன் என்கிறதாம்.
அது வேறு வழக்கு.)

தண்டை நேர் பார்த்தவள் மக்வாலா.
தலைமயிரை நெடுக நாலாய்ப் பிளந்தால் எவ்வளவோ
அவ்வளவு சாய்வுக்கு ஒன்பது நாள்.
சாப்பிடும்போதும்
ஒரு கண்ணை மூடியே இருந்தாள்.

நாங்கள் கேபிள் இழுத்தோம்.
சோப்புத்தண்ணீர் தடவிக் குழாய்க்குள் விட்டால்
பதினொரு பேர் மூச்சடக்கி இழுக்க
மறுபக்கம் வழவழவென்று தலை நீட்டும்.
கன்றைத் துடைப்பதுபோல் துடைத்து
கழுத்தில் சீட்டுக் கட்டுவேன்.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடு பதித்து
சுவருக்கு இளம்பச்சை அடித்து
கதவைத் திறந்தால் பேனலில் இடிக்கிறதென்று கண்டு
கழற்றித் திருப்பி மாட்டிய அன்று
எண்ணிப் பார்த்தேன்.
வரைபடத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
தட்டில் ஒன்று அதிகம்.

சாம்பல் நிறம். சுண்டுவிரல் கனம்கூட இல்லை.
பேட்டரியும் மணியும் வைத்துக்கொண்டு
அறை அறையாகத் தேடினேன், எங்கும் அடிக்கவில்லை.
ஜான்சுக் வரைபடத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு
வெட்டிப் போடு என்றார்.
நாளைக்கு என்றேன்.

அன்றிரவு கையால் தடவிக்கொண்டே போனேன்.
தட்டிலிருந்து இறங்கி, படியடியில் வளைந்து,
கிழக்குச் சுவரின் காங்கிரீட்டுக்குள் நுழைந்து
அங்கேயே இருந்துவிட்டது.
ஓத்தியாவிடம் கேட்டேன்.
முதல் குளிரில் போட்டது, என்று கத்தினார்,
ஊற்றிய சுவர் உறைந்துவிடாமல்
உள்ளே சூட்டுக்கம்பி!
பதினோரு ராத்திரி இந்த எஞ்சினை அணைக்கவே இல்லை!
சுவர் இறுகியது. கம்பி உள்ளேயே நின்றது.
அதை யார் வெளியே எடுப்பார்கள்!

ஒரு சீட்டு எழுதினேன்.
எண்: பூஜ்யம்.
எங்கிருந்து: டீசல்.
எங்கே: சுவர்.
ஜான்சுக் படிக்காமலே கையெழுத்திட்டார்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை தண்ணீரைத் திறந்தார்கள்.
மக்வாலா ஓடும் எந்திரத்தின் மூடிமேல்
ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தினாள்.
நின்றது.
அவள் இரண்டு கண்ணையும் திறந்தாள்.

யாரோ கொட்டகைப் பக்கம் கை அசைத்தார்கள்.
டீசல் இருமி, இருமி, நின்றது.
விளக்குகள் ஒருமுறை இமைத்துவிட்டு எரிந்தன.
நாங்கள் இன்னும் கத்திக்கொண்டே இருந்தோம்,
பக்கத்தில் நிற்கிறவரின் காதுக்குள்,
பிறகு வெட்கப்பட்டு ஒவ்வொருவராய் நிறுத்தினோம்.

ஓத்தியா எதையோ கேட்டார்.
அவருக்கு அத்தனை மெல்லிய குரல் என்று
யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.
திரும்பக் கேட்டார்:
கொட்டகைச் சாவியை
யாரிடம் கொடுப்பது?